ககாடு: சாலை வழியே ஓர் ஆற்றை அறிந்த பயணம்

ஆஸ்திரேலியாவின் வட முனையில் உள்ள ககாடு தேசியப் பூங்காவுக்கு டார்வினிலிருந்து பேருந்தில் போகும் எவரும் வழியில் உறங்கிவிட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். பூங்காவில் உள்ள யெல்லோ வாட்டர் என்னும் நீர்ப்பரப்பில் படகுச் சவாரி செய்வதுதான் இந்தச் சுற்றுலாவின் உச்சம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த நீர்ப்பரப்பு எப்படிப்பட்டது என்பதை எனக்குப் புரிய வைத்தது சாலைதான்.

ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் தெற்கே ஏறத்தாழ 35 கி.மீ. சென்றதும், ஆர்ன்ஹெம் நெடுஞ்சாலை கிழக்கே பிரிகிறது. நாங்கள் சென்ற ஜூலை மாதம் அங்கே மழையற்ற பருவம். மணிக்கணக்கில் யூகலிப்டஸ் மரங்களும், ஆளுயரத்தைத் தாண்டிய கரையான் புற்றுகளும், தீயில் கருகிய தரையில் புதிதாகத் துளிர்த்த புல்லுமே கண்ணில் பட்டன. கருகிய நிலத்தைக் கண்டு காட்டுத்தீ என்று பயணிகள் சிலர் பதறியபோது, வழிகாட்டியாகவும் இருந்த ஓட்டுநர் பொறுமையாக விளக்கினார். புல் முற்றிலும் காய்வதற்குள் ஆங்காங்கே சிறு தீ வைத்து, பின்னாளில் பெருந்தீ பரவாமல் காப்பது அந்நிலத்துக்கு உரியவர்களான பினிஞ் மக்களின் நெடுநாள் வழக்கம். பூங்காவைப் பராமரிப்பவர்களும் இன்று அதையே கடைப்பிடிக்கிறார்கள்.

பள்ளமான இடங்களில் சாலையோரம் மீட்டர் அளவு குறித்த வெள்ளைக் கம்பங்கள் நின்றன. சுற்றிலும் புழுதி, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மழைக்காலத்தில் சாலைக்கு மேல் எவ்வளவு வெள்ளம் ஓடுகிறது என்று காட்டவே அவை நடப்பட்டிருக்கின்றன என்று அறிந்தபோதுதான், நாங்கள் ஓர் ஆற்றின் படுகைக்குள்ளேயே போய்க்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுக்கும் பினிஞ் மக்கள், ஏறத்தாழ ஜனவரி முதல் மார்ச் வரையிலான பெருமழைக் காலத்தைக் குட்ஜெவ்க் என்கிறார்கள். நம்முடைய கார், கூதிர் முதலான ஆறு பெரும்பொழுதுகளை அறிந்த எனக்கு, நிலத்தைப் பார்த்தே காலத்தைப் பகுத்த அந்த அறிவின் மீது மிகுந்த மதிப்பு உண்டாயிற்று.

பூங்காவின் உபிர் என்னும் இடத்தில் உள்ள பாறை ஓவியங்களுக்கு ஒரு முழு மாலை தேவை. எங்களுக்குக் கிடைத்த நேரம் போதவில்லை என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

மறுநாள் விடியற்காலையில் கூயிண்டாவில் படகு ஏறினோம். தெற்கு அலிகேட்டர் ஆற்றின் துணையாறான ஜிம் ஜிம் ஓடை வந்து பரவும் இடமே யெல்லோ வாட்டர். இங்குள்ளவை முதலைகளே என்றாலும், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடற்கரையை அளக்க வந்த பிலிப் பார்க்கர் கிங் அவற்றை முதலையை ஒத்த வேறு இனமான அலிகேட்டர்கள் என்று கருதி ஆற்றுக்குச் சூட்டிய பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. தோலுக்காக வேட்டையாடப்பட்டு அழிவின் விளிம்புக்குப் போன உவர்நீர் முதலைக்கு இந்தப் பிரதேசத்தில் 1971இல் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. அந்தச் சட்டத்தின் பயனை அன்று நேரில் பார்த்தேன். படகோட்டி இயந்திரத்தை நிறுத்தியதும், கரைச் சேற்றில் வாயைத் திறந்தபடி கிடந்த பெரிய முதலை ஒன்றின் அருகே படகு மெல்ல மிதந்து சென்றது. கழுத்துச் செதில்களின் இடுக்கில் காய்ந்து வெடித்திருந்த சேறும், கண்ணின் குறுக்கே ஒரு முறை வந்து போன மெல்லிய சவ்வும் தெளிவாகத் தெரிந்தன. படகில் ஒருவரும் பேசவில்லை.

சற்றுத் தள்ளித் தண்ணீர் முழுவதும் தாமரை. நம் ஊர்க் குளங்களில் பூக்கும் அதே இனம்தான். அதன் விதைகள் பினிஞ் மக்களுக்கு உணவு என்று வழிகாட்டி சொன்னபோது, அவ்வளவு தொலைவு வந்தும் உறவினர் வீட்டில் இருப்பது போன்ற உணர்வு எழுந்தது. அந்த இலைகளின் மேல், செந்நிறக் கொண்டை அணிந்த இலைக்கோழி ஒன்று நீண்ட விரல்களைப் பரப்பி நடந்துகொண்டிருந்தது. இவ்வினத்தில் அடைகாப்பதும் குஞ்சுகளைப் பேணுவதும் ஆண்தான்; ஆபத்து வந்தால் குஞ்சுகளைச் சிறகுக்கு அடியில் இடுக்கிக்கொண்டு ஓடுமாம். வெண்வயிற்றுக் கடற்கழுகு ஒன்று பேப்பர்பார்க் மரத்தின் உச்சியில் அமர்ந்திருந்தது. அம்மரத்தின் அடித்தண்டில், எங்கள் தலைக்கு வெகு மேலே, பழைய வெள்ளம் விட்டுச்சென்ற சேற்றுக் கோடு இருந்தது. சாலையோரக் கம்பங்களின் பொருள் எனக்கு முழுமையாக விளங்கியது அங்கேதான்.

போக எண்ணுபவர்கள் காலைச் சவாரியையே தேர்ந்தெடுங்கள். வெயில் ஏறுவதற்குள் பறவைகளை நன்றாகக் காணலாம். செப்டம்பர், அக்டோபரில் வெப்பம் கடுமையாக இருந்தாலும், நீர் சுருங்குவதால் பறவைகள் ஓரிடத்தில் ஆயிரக்கணக்கில் கூடும். எனக்கோ, வழிகள் அடைபடும் இடர் இருந்தாலும், மழை ஓய்ந்த கையோடு ஒருமுறை போக வேண்டும் என்பதே விருப்பம்.