போர்க்கால விமானம் எதையாவது நேர்ல பார்த்து, இன்னும் மறக்க முடியாம இருக்கீங்களா?

வால்சக்கரம்:
சின்ன வயசுல ஸ்பிட்ஃபயரோட (ரெண்டாம் உலகப் போர் பிரிட்டிஷ் சண்டை விமானம்) பிளாஸ்டிக் மாடல் ஒட்டாதவங்க இங்க யாரும் இருக்க மாட்டீங்க, அந்தக் கதையை விட்டுடறேன். நான் சொல்ல வந்தது இங்கிலாந்துல டக்ஸ்ஃபோர்டு விமான அருங்காட்சியகத்துல அது பறந்ததைப் பார்த்தது. அதோட மெர்லின் இன்ஜின் சத்தம், வட்டமடிச்சது எல்லாம் வீடியோவுலயே நூறு தடவை கேட்டிருப்பீங்க. எனக்கு நிக்கிறது தரையிறங்கின அப்புறம் நடந்ததுதான். ஓடுபாதையை விட்டு வெளிய வரும்போது நேரா வரல. மூக்கை இடதுபக்கம் ஒடிச்சு, வலதுபக்கம் ஒடிச்சு, நெளிஞ்சு நெளிஞ்சு வந்துச்சு. வால் தரையில இருக்கும்போது அந்த நீட்டு மூக்கு முன்னாடி இருக்கிற எல்லாத்தையும் மறைச்சிடும், பைலட் பக்கவாட்டுல எட்டிப் பார்த்துத்தான் ஓட்டணும்.

கிட்ட வந்து நின்னதும் இடதுபக்கக் கதவைக் கீழ மடக்கினார். கையளவு கதவு. உள்பக்கம் சிவப்பு பெயின்ட் அடிச்ச குட்டிக் கடப்பாரை ஒண்ணு, கிளிப்ல மாட்டியிருந்துச்சு. மேல இருக்கிற கண்ணாடிக் கூண்டு சிக்கிக்கிட்டா உடைச்சிக்கிட்டு வெளிய வரதுக்கு. அதைப் பார்த்ததுல இருந்து என்னவோ பண்ணுது. நம்ம மாடல்ல பாதிப் பேர் பைலட் பொம்மையே வைக்க மாட்டோம். உள்ள ஆள் இருந்தான்ங்கிறதே அன்னிக்குத்தான் உறைச்ச மாதிரி இருந்துச்சு. உங்களுக்கு இப்படி ஏதாவது?

துணிமுதுகு:
ஆரம்பிச்சாச்சா, மறுபடியும் ஸ்பிட்ஃபயர்! 1940 பிரிட்டன் சண்டையில எதிரி விமானங்களை அதிகமா வீழ்த்தினது இன்னொரு பிரிட்டிஷ் சண்டை விமானமான ஹரிக்கேன். ஆனா அட்டைப்படம்னா மட்டும் மத்தவர் வந்துடுவார்.

என் அனுபவம் சின்னது. பழுது பார்க்கிற பட்டறையில ஒரு ஹரிக்கேன் நின்னுச்சு. "தொட்டுப் பாருங்க"ன்னு அங்க இருந்தவரே சொன்னார். காக்பிட்டுக்குப் பின்னாடி விரலால தட்டினேன். டொம்முனு உள்வாங்கித் திரும்பி வந்துச்சு. துணி! உள்ள இரும்புக் குழாயும் மரச்சட்டமும், மேல இழுத்துக் கட்டி, விறைப்பா நிக்க ஒரு பூச்சு பூசின துணி. படிச்சுத் தெரியும்தான், ஆனாலும் விரல்ல பட்டப்போ திக்குனு ஆயிடுச்சு. இதுல உட்கார்ந்துக்கிட்டா ஜெர்மன்காரங்களோட மெஸ்ஸர்ஷ்மிட் விமானத்தோட மோதினாங்க?

குண்டு துணியைத் துளைச்சு அந்தப் பக்கம் போயிடும், ஒட்டுத்துணி போட்டு மறுபடி கிளப்பிடுவாங்க. சக்கரம் அகலமா ஊன்றி நிக்கும், குண்டுகுழி மைதானத்துலயும் இறங்கும். ஸ்பிட்ஃபயருக்குக் கால் ரெண்டும் ஒட்டின மாதிரி. அப்புறம் வால்சக்கரம், ஹரிக்கேன்ல பைலட் உசரமா உட்கார்ந்திருப்பார், முன்னாடி இன்னும் நல்லாவே தெரியும். சும்மா சொல்லி வைக்கிறேன்.

பேத்தி:
எனக்கு விமானம் பத்தி ஒண்ணும் தெரியாது. எங்க அம்மாவோட அப்பா யுத்த சமயத்துல விமானப்படையில ஃபிட்டர், பர்மா எல்லையில ஹரிக்கேனைப் பழுது பார்த்தவர். அதைப் பத்திப் பேசவே மாட்டார்.

ஒருநாள் என் அண்ணனோட பொம்மை விமானத்தைக் கொண்டுபோய் அவர் மடியில வெச்சேன். வாங்கித் தரையில வெச்சார். விசிறிக்கு நேரா நான் உட்கார்ந்திருந்தேன். தோளைப் பிடிச்சு ஒதுக்கி விட்டுட்டு, "முன்னாடி நிக்கக் கூடாதும்மா"ன்னார். அப்புறம் தானும் பக்கவாட்டா நகர்ந்துக்கிட்டு ஒத்தை விரலால சுத்தி விட்டு, சுத்தின உடனே கையை வெடுக்குனு இழுத்துக்கிட்டார். சாவி கொடுக்கிற பொம்மைகூட இல்ல அது. நான் சிரிச்சேன், அவர் சிரிக்கல.

எதிர்க்காற்று:
பேத்தி எழுதினதுதான் விஷயம். மத்த ரெண்டு பேரும் எது அழகு, எது உசத்தின்னு நிக்கிறீங்க.

ஹெண்டன் அருங்காட்சியகத்துல ஒரு பையன் ரெக்கைக்குக் கீழ நின்னுக்கிட்டு "டடடடடட"ன்னு சுட்டுக்கிட்டே இருந்தான், நிறுத்தவே இல்ல. நானும் அந்த வயசுல அப்படித்தான். நிஜத்துல ரெக்கையில இருந்த எட்டு துப்பாக்கியும் சேர்ந்து சுட்டா சுமார் 15 வினாடில குண்டு தீர்ந்துடும். அவ்வளவுதான்.

ஸ்பிட்ஃபயர்ல பெட்ரோல் டேங்க் எங்கே? பைலட்டோட முழங்காலுக்கு முன்னாடி, 85 கேலன். துணிமுதுகு சந்தோஷப்பட வேண்டாம், ஹரிக்கேன்லயும் கருவிப் பலகைக்குப் பின்னாடி ஒரு டேங்க் இருந்துச்சு. தீப்பிடிச்சா முகமும் கையும்தான் முதல்ல போகும். ஈஸ்ட் க்ரின்ஸ்டெட் ஆஸ்பத்திரியில ஆர்ச்சிபால்ட் மெக்கின்டோ அந்தப் பசங்களுக்குத் தோல் ஒட்டிப் புதுசா இமை வெச்சார், மூக்கு வெச்சார். 1941-ல அவங்களே சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பிச்சு, அதுக்கு கினிப்பிக் (சோதனைக்கு வெச்சிருக்கிற பிராணி) கிளப்னு பேர் வெச்சுக்கிட்டாங்க. பெரும்பாலும் இருபது வயசை ஒட்டினவங்க. அவங்க படங்களையும் ஒருதடவை பார்த்துட்டு அப்புறம் அட்டைப்படத்தைப் பத்திப் பேசலாம்.

ஒட்டுப்பசை:
நான் நேர்ல எதையும் பார்த்ததில்ல. ஸ்கூல் லீவுல ஒட்டின, மூக்குல சுறாவாய் வரைஞ்ச பி-40 (அமெரிக்கச் சண்டை விமானம்) மாடல் ஒண்ணுதான் என் அனுபவம், பல் ஸ்டிக்கர் கோணலாப் போயிடுச்சு. (அந்தச் சுறாவாய், சீனாவுல பறந்த அமெரிக்கத் தன்னார்வ பைலட்டுங்க ஃப்ளையிங் டைகர்ஸோட சொந்த யோசனைன்னு நினைப்பாங்க. வட ஆப்பிரிக்காவுல இருந்த பிரிட்டிஷ் 112-ஆம் ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு) விமானங்களோட படத்தைப் பார்த்து வரைஞ்சுக்கிட்டது.)

மறுபடி ஒட்டப் போறவங்களுக்குச் சொல்றேன். கூண்டுக்கு சாதாரண பிளாஸ்டிக் பசை வேண்டாம், கண்ணாடி புகை படிஞ்ச மாதிரி வெளுத்துடும். வெள்ளைப் பசை போதும். சட்டத்தை பிரஷ்ல கோடு போடாதீங்க, டேப்பை மெல்லிசா வெட்டி மறைச்சுட்டு அடிங்க. ரெக்கை முன்விளிம்புல துப்பாக்கித் துளை மேல சிவப்பா ஒட்டு போடுங்க, அது அலங்காரம் இல்ல, ஈரமும் குளிரும் உள்ள போகாம இருக்க ஒட்டின துணி. சுட்டதும் கிழிஞ்சிடும். அதனால புகைக்கறை வரைஞ்சா சிவப்பு ஒட்டு வைக்காதீங்க, ரெண்டும் ஒண்ணா இருக்காது. முக்கியமானது விசிறி. மெர்லின் ஒரு பக்கம் சுத்தும், பின்னாடி வந்த க்ரிஃபன் இன்ஜின் அதுக்கு எதிர்ப்பக்கம் சுத்தும். க்ரிஃபனோட ஐந்து இலை விசிறியை மெர்லின் மாதிரி முறுக்கி ஒட்டிக் காட்சிக்கு வெச்சிருக்கிறதை நிறையப் பார்த்திருக்கேன், வயித்தெரிச்சல். வால்சக்கரம், நீங்க பார்த்த ஸ்பிட்ஃபயர் எந்த மார்க், அதாவது எந்த வகை? எழுதவே இல்லையே.

வால்சக்கரம்:
அனுபவம் கேட்டா பெயின்ட் வகுப்பு நடக்குது. மார்க் 9, நாலு இலை, போதுமா?

எதிர்க்காற்று, நான் எழுதினது கடப்பாரையைப் பத்தி. அதுல அழகுன்னு எங்க சொன்னேன்? நீங்க சொல்ற தீயில இருந்து தப்பிக்கத்தானே அது அங்க இருந்துச்சு.

பேத்தி, தாத்தாவோட பழைய ஃபோட்டோ ஏதாவது இருந்தா பின்பக்கம் திருப்பிப் பாருங்க. 1944-ல இம்பால்ல அர்ஜன் சிங் தலைமையில இருந்த இந்திய விமானப்படை 1-ஆம் ஸ்குவாட்ரன் ஹரிக்கேன்தான் ஓட்டினாங்க. நம்பர் எழுதியிருந்தா இங்க போடுங்க, எந்த இடத்துல இருந்தார்னு தேடிடலாம்.