பிரவுசரில் ஓடும் சிமுலேஷன் பேப்பர்கள்: ரிவ்யூ செய்தபோது நடந்தது

தண்டையார்பேட்டை வாத்தியார்:

ஓர் ஆய்விதழுக்காக ரிவ்யூ செய்து, வெளியிடலாம் என்று நான் ‘அக்செப்ட்’ போட்டு அனுப்பிய ஒரு பேப்பர் எட்டு மாதமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதை இறக்கி வைக்கத்தான் எழுதுகிறேன்.

பிரவுசரிலேயே ஓடும் தனி ஊசல் சிமுலேஷன் அது. ஆய்வகம் இல்லாத பள்ளிப் பிள்ளைகளுக்காகச் செய்தது. கோட் இருக்கிறது, லிங்க் இருக்கிறது, மாணவர்களிடம் கருத்துக் கேட்ட அட்டவணைகளே நான்கு பக்கம். நானும் சும்மா புரட்டிவிட்டு அனுப்புகிற ஆள் இல்லை. லேப்டாப்பில் திறந்தேன், நீளத்தை 1 மீட்டர் வைத்தேன், கையில் ஸ்டாப்வாட்ச். 10 அலைவுக்கு 20 வினாடி. சூத்திரப்படி ஓர் அலைவுக்கு 2.006 வினாடி வர வேண்டும், வந்தது. வரைபடத்தில் ஓர் அச்சுக்குப் பெயர் இல்லை, இரண்டு எழுத்துப் பிழை என்று எழுதி, சின்னத் திருத்தம் போதும் என்று மைனர் ரிவிஷன் கொடுத்தேன். திருத்தி அனுப்பினார்கள். அக்செப்ட்.

அப்புறம் தீபாவளிக்குத் திருவொற்றியூரில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா பையன் கேம் ஆட என்று, வினாடிக்கு 144 தடவை திரையைப் புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி வைத்திருந்தான். பெருமை பீற்றிக்கொள்ளலாமே என்று, “மாமா ரிவ்யூ பண்ணின சிமுலேஷன் பார்றா” என்று திறந்து காட்டினேன். ஊசல் தையல் மெஷின் ஊசி மாதிரி அடித்தது. 10 வினாடியில் 5 அலைவு வர வேண்டிய இடத்தில் 12. பையன், “இது நிலாவுலயா மாமா ஆடுது?” என்றான். நிலாவில் மெதுவாகத்தானடா ஆடும், வியாழனுக்குப் போனால்கூட இந்த வேகம் வராது என்று சொல்லியிருக்கலாம். வாயே வரவில்லை.

காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு தடவையும் பிரவுசர் நம் கோடைக் கூப்பிட ‘ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம்’ என்று ஒரு வசதி உண்டு. அது கூப்பிடும்போதெல்லாம் 1/60 வினாடி போனதாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். என் லேப்டாப் 60 ஹெர்ட்ஸ், அதனால் பொருந்தியது. அவன் மானிட்டரில் ஒரு வினாடிக்கு 144 தடவை கூப்பிடும், காலம் 2.4 மடங்கு ஓடும். கோட் ஃபைலை ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் ஒரே வரியில் தெரிந்திருக்கும். நான் ஸ்டாப்வாட்சை நம்பினேன்.

எடிட்டருக்கு இன்னும் எழுதவில்லை. பேப்பர் வெளிவந்துவிட்டது. இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?


ட்ரெய்லர் மகள்:

சார், உங்களுக்கு ஊசல், எனக்கு லாரி. துறைமுக கேட்டில் கன்டெய்னர் லாரி வரிசையை வெப்பில் சிமுலேட் செய்த பேப்பர் என்னிடம் வந்தது. எந்தத் துறைமுகம் என்று அதில் இல்லை. ஆனால் எண்ணூர் நெடுஞ்சாலையில் வளர்ந்தவளுக்கு அந்த வரிசையைத் தெரியாதா?

முதலில் கணக்கு. மணிக்கு 9 லாரி வருகிறது, கேட் மணிக்கு 10 லாரியை அனுப்பும் என்று வைத்தால், பாடப்புத்தக வரிசைக் கோட்பாட்டின்படி ஒரு லாரி சராசரியாக 1 மணி நேரம் மாட்டிக்கொள்ள வேண்டும். இவர்கள் பக்கத்தில் அதே எண்களைப் போட்டால் 35 நிமிடம் சொச்சம் காட்டியது. காலி கேட்டில் ஆரம்பித்து, ஒரே நாள் ஓட்டி, சராசரி எடுத்திருக்கிறார்கள். வரிசை நிரம்புவதற்கு முன்பே நிறுத்திவிட்டால் சராசரி குறையாமல் என்ன செய்யும்? இந்த அளவு நெருக்கடியில் அது நிலைக்கு வரவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதை எழுதினேன், ஒத்துக்கொண்டு திருத்தினார்கள்.

உறுத்துவது அது இல்லை. அன்று ராத்திரி அப்பாவிடம் திரையைக் காட்டினேன். இருபத்தாறு வருடம் ட்ரெய்லர் ஓட்டியவர். சின்னச் சின்ன நீலக் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “எல்லா வண்டியிலயும் டிரைவர் குந்திக்கினே கீறானா?” என்றார். எனக்குப் புரியவில்லை. “வரிசை நவுரும்போது பாதிப் பேர் டீக்கடையில, பாதிப் பேர் வண்டிக்கு அடியில தூக்கம். முன்னாடி ஒரு வண்டி நவுரலன்னா பின்னாடி நாப்பது வண்டி ஆரன் அடிக்கும். இது இன்னா, எறும்பாட்டம் போவுது.”

இதை நான் ரிவ்யூவில் எழுதினேன். அப்பா என்று போடவில்லை, ‘களத்தில் நீண்ட அனுபவம் உள்ள ஓட்டுநர் ஒருவர்’ என்று போட்டேன். ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று மரியாதையாகப் பதில் வந்தது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.


மூன்றாம் ரிவ்யூவர்:

வாத்தியார் சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். எட்டு மாதமாக உறுத்துகிறது என்கிறீர்கள், எடிட்டருக்கு நான்கு வரி எழுத எட்டு நிமிடம் ஆகாது. பிள்ளைகள் அதில் அலைவு நேரம் எடுத்துக்கொண்டிருப்பார்களே!

என் கதை சின்னது. இரு பக்கமும் பெயர் மறைத்த ரிவ்யூ. பேப்பரில் பெயர் எல்லாம் கச்சிதமாக அழித்திருந்தார்கள். லிங்க்கைத் திறந்தால் பக்கத்தின் அடியில் கல்லூரிப் பெயரும், அதன் கீழே ‘வழிகாட்டி’ என்று என்னுடைய சொந்த கைடின் பெயரும். எனக்கு பிஎச்டி வாங்கிக் கொடுத்த மனிதர். அப்படியே மூடிவிட்டு, முடியாது என்று எடிட்டருக்கு எழுதிவிட்டேன். அவ்வளவுதான்.

ஆனால் இனி ரிவ்யூ செய்பவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். யாரும் கேட்கவில்லை, தெரியும். ஒரே கணினியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். போனில் திறந்து பாருங்கள், வேறு பிரவுசரில் திறந்து பாருங்கள். ஓடவிட்டு வேறு டேபுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். டேப் மறைந்திருக்கும்போது அந்த ஃபிரேம் அழைப்பு நின்றுவிடும். வாத்தியார் சொன்ன பிழையைத் திருத்துகிறேன் என்று, இடையில் போன நேரத்தை அப்படியே ஒரே ஸ்டெப்பாகக் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. நீங்கள் திரும்பி வரும்போது அவர்கள் ஊசல் திரையை விட்டே பறந்திருக்கும். கணக்கின் ஸ்டெப் அளவு மாறாமல் இருக்க வேண்டும், சேர்ந்த நேரத்தை அந்தச் சின்ன ஸ்டெப்புகளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும், ஓரளவுக்கு மேல் சேர்ந்தால் விட்டுவிட வேண்டும். இது மூன்றும் இருக்கிறதா என்று கோட் ஃபைலில் தேடுங்கள்.

அடுத்தது, சீட். அதாவது ரேண்டம் எண் வரிசை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று கொடுக்கும் விதை எண். ஜாவாஸ்கிரிப்டில் ரேண்டம் எண் தரும் மேத் டாட் ரேண்டமுக்கு சீட் கொடுக்க வழியே இல்லை. அதை வைத்துச் செய்த முடிவை வேறு யாரும் அச்சு அசலாகத் திரும்ப எடுக்க முடியாது. சீட் கொடுக்கக்கூடிய ஜெனரேட்டர் வைத்து, அட்டவணையில் எந்த சீட் என்று எழுதச் சொல்லுங்கள். அப்புறம், விடை தெரிந்த ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள், ட்ரெய்லர் மகள் மேடம் செய்த மாதிரி. அது நல்ல வேலை. ஆனால் மேடம், அப்பா சொன்னதை ரிவ்யூவில் எழுதியது தேவையில்லை. மாடல் என்றாலே எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும்.

கடைசியாக, லிங்க் மட்டும் போதும் என்று விடாதீர்கள். ரிவ்யூ செய்த அதே வெர்ஷனை ஸெனோடோ மாதிரி ஓர் ஆய்வுக் காப்பகத்தில் போட்டு, டிஓஐ என்கிற நிரந்தர அடையாள எண் வாங்கச் சொல்லுங்கள். கோடை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் லைசென்ஸ் ஃபைல் இல்லாவிட்டால் மேஜர் ரிவிஷன். இதில் தயவு தாட்சண்யம் கூடாது.


வியாசை:

மூன்றாம் ரிவ்யூவர் அண்ணே, எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும், சரி. எதை விடுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

எனக்கு வந்தது வெள்ள சிமுலேஷன். மழை அளவை ஸ்லைடரில் தள்ளினால் மேப்பில் நீலம் பரவும், பார்க்க அழகாக இருந்தது. உதாரணத்துக்கு எடுத்த ஊர் சென்னை. நான் நேராக எங்கள் ஏரியாவுக்கு ஜூம் செய்தேன். தண்டவாளத்துக்கு அடியில் ரோடு போகும் கணேசபுரம் சப்வே. நாலு தூறல் விழுந்தாலே பஸ் திரும்பிப் போகிற இடம் அது. ஸ்லைடரைக் கடைசிவரை தள்ளினேன். வியாசர்பாடியே நீலமானது, புளியந்தோப்பு நீலமானது, சப்வே மட்டும் மேடாக, காய்ந்து, பளிச்சென்று நின்றது.

சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் யோசித்தால், 2000ல் விண்கலத்திலிருந்து ரேடாரால் எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு அது. 30 மீட்டருக்கு ஓர் எண். மேலே இருந்து பார்த்தால் தண்டவாளம்தான் தெரியும், அடியில் போகிற ரோடு எப்படித் தெரியும்? அதனால் ஊரிலேயே முதலில் முழுகுகிற இடம் கணக்கில் கரை ஆகிவிட்டது. தண்ணீரை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் விடாமல் தடுத்தும் வைத்திருந்தது, அதனால் சுற்றி இருக்கிற தெருக்களின் கணக்கும் தப்பு.

மற்ற இரண்டு ரிவ்யூவர்களும் நல்ல பேப்பர் என்றார்கள். அவர்கள் எந்த ஊரோ. நான் மட்டும் மேஜர் ரிவிஷன். ‘உள்ளூர் விவரத்துக்கு ரிவ்யூவர் அளவுக்கு மீறி முக்கியத்துவம் தருகிறார்’ என்று பேப்பரை எழுதியவர்கள் பதில் எழுதினார்கள். உள்ளூர்த் தண்ணீரில் என் டூவீலர் சைலன்சர் வரை முழுகியிருக்கிறது என்று எழுதத் தோன்றியது, எழுதவில்லை.


எம்டெக் இரண்டாம் வருடம்:

நான் இன்னும் ரிவ்யூ செய்தது இல்லை, பேப்பர் எழுதி அடி வாங்கியவன். ‘மூன்று நாள் முயன்றும் அப்ளிகேஷன் திறக்கவில்லை’ என்று ஒரு ரிவ்யூவர் எழுதியிருந்தார். எங்களுக்கோ தினமும் திறக்கிறது! அப்புறம்தான் புரிந்தது. அது ஓடியது எங்கள் லேப் கணினியில். சாயந்தரம் 6 மணிக்கு வாட்ச்மேன் அண்ணன் டார்ச்சோடு வந்து ஃபேன், லைட், மெயின் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பூட்டுவார். ரிவ்யூவர் ஊரின் பகல், எங்கள் லேப்புக்கு ராத்திரி.

அண்ணனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். “வெளிநாட்டுக்காரன் பாக்குறானா? ராத்திரி எத்தினி மணிக்கு வருவான்னு கேட்டு சொல்லு, போட்டு வெக்கிறேன்” என்றார். கணக்கு முழுவதும் பிரவுசரிலேயே நடப்பதால் சர்வரே தேவையில்லை என்று சீனியர் சொன்ன பிறகு வெப் பக்கங்களை இலவசமாக வைக்க இடம் தரும் கிட்ஹப் பேஜஸில் போட்டோம். அண்ணன் இப்போதும் என்னைப் பார்த்தால், அவன் வந்து பார்த்தானா என்று கேட்கிறார்.


பழைய ராயபுரம்:

தம்பிகளே, உங்கள் லிங்க் ராத்திரியில் மட்டும்தான் திறக்கவில்லை. நான் அக்செப்ட் செய்தவை எதுவுமே இன்று திறக்காது. பிரவுசருக்குள் தனி பிளக்-இன் போட்டு ஓட்டிய ஜாவா ஆப்லெட், ஃபிளாஷ் காலத்து ஆள் நான். 2015ல் குரோம் ஆப்லெட்டைக் கைவிட்டது, 2020 டிசம்பர் 31ஓடு ஃபிளாஷுக்கும் ஆதரவு முடிந்தது. பெட் (PhET) என்கிற அறிவியல் சிமுலேஷன் குழு மாதிரி பெரிய குழுக்கள் தங்களுடையதை, பிளக்-இன் தேவைப்படாத எச்டிஎம்எல்5க்கு மாற்றி எழுதிக்கொண்டன. ஒற்றை ஆளாகச் செய்தவர்களுக்கு அதற்கு ஏது ஆள், ஏது காசு?

ஓர் அம்மா, பெயர் தெரியாது, பெயர் மறைத்த ரிவ்யூதான், மின்தடைகளை இழுத்து இணைக்கும் ஆப்லெட் செய்திருந்தார். கம்பி சரியாகத் தொட்டால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். ஒரு ஞாயிறு முழுக்க மீன் வாங்கக்கூடப் போகாமல் இழுத்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தேன். என் பரிந்துரையில் அந்த டிக் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. மாதிரி எண்ணிக்கை போதவில்லை என்று எழுதினேன். போன மாதம் தேடிப் பார்த்தேன், சாம்பல் நிறக் கட்டம்தான் வருகிறது.


ட்ரெய்லர் மகள்:

மூன்றாம் ரிவ்யூவருக்கு: தேவையில்லை என்று நீங்கள் சொன்ன அந்த ஒரு பத்தியைப் பேப்பரை எழுதியவர்கள் ‘எதிர்காலப் பணி’ பகுதியில் சேர்த்திருக்கிறார்கள், நேற்றுத்தான் பார்த்தேன். ‘ஓட்டுநர் நடத்தை’ என்று போட்டிருக்கிறார்கள். டீக்கடை இல்லை. பரவாயில்லை. இன்று அப்பாவிடம் காட்டப் போகிறேன்.


தண்டையார்பேட்டை வாத்தியார்:

எல்லோரும் திட்டியதில் நியாயம் இருந்ததால் எடிட்டருக்கு எழுதிவிட்டேன். இரண்டு திரையையும் பக்கத்தில் வைத்து எடுத்த வீடியோவையும் சேர்த்தேன். மூன்றாம் நாள் பதில் வந்தது என்று ஆசையாகத் திறந்தால், புது ரிவ்யூ அழைப்பு. தானாகப் போகும் மெயில் போலிருக்கிறது. இந்தத் தடவை ஸ்பிரிங்கில் தொங்கும் எடை, அதுவும் பிரவுசரில். ஏற்றுக்கொண்டேன். அக்கா பையனுக்குப் பரீட்சை முடிகிறவரை அந்த மானிட்டர் பக்கம் யாரும் போகக் கூடாது என்று அக்கா துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள். இருபது நாள் டைம் கேட்டிருக்கிறேன்.