கழுத்தெல்லாம் எரிச்சல்: திங்கட்கிழமைக்குள் எந்த ரேஸர் வாங்குவது?

கோத்தகிரி, இங்கிலாந்து:

வணக்கம். கோத்தகிரியிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து இன்னும் ஒரு குளிர்காலம்கூட முழுதாக முடியவில்லை. ஊரில் இருந்தவரை சவரத்தால் எனக்குத் தொல்லை வந்ததில்லை. இங்கே சவரம் செய்யும் ஒவ்வொரு நாளும் கழுத்து சிவந்துபோகிறது, தாடைக்குக் கீழே சிறு சிறு கட்டிகள் எழும்புகின்றன, சட்டைக் காலரில் இரத்தக் கறை படிகிறது. திங்கட்கிழமை காலையில் என் முகம் முழுச் சவரம் செய்யப்பட்டிருந்தாக வேண்டும், இன்று வியாழன். அப்பா வைத்திருக்கும் ஷேவிங் செட்டைப் போன்ற, தனி பிளேடு மாற்றிப் பொருத்தும் சேஃப்டி ரேஸருக்கு மாறினால் எரிச்சல் குறையும் என்று அறையில் உடன் தங்கியிருப்பவர் சொல்கிறார். எந்த ரேஸர், எந்த பிளேடு என்று மட்டும் யாராவது சொன்னால் இன்றே வாங்கிவிடுவேன்.

குன்னூர், டொராண்டோ:

தம்பி, திங்கட்கிழமை என்ன என்பதை நீங்கள் சொல்லவில்லை. நேர்காணல் என்றால் கவலையே வேண்டாம். ஒழுங்காகக் கத்தரித்த தாடியை இந்த நாடுகளில் யாரும் குறையாக எண்ணுவதில்லை. நான் ஒரு ஜனவரி மாதத்தில் இங்கே வந்திறங்கினேன். உறைபனியில் விடியும் ஊட்டியின் காலைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்குக் குளிர் ஒரு பொருட்டில்லை என்று நம்பியிருந்தேன். ஆனால் வருத்தியது வெளியிலிருந்த குளிர் அன்று, வீட்டுக்குள் இரவும் பகலும் ஓடிய வெப்பமூட்டியின் வறண்ட காற்றுதான். உதடும் கன்னமும் வெடித்தன. நிலவறையில் வாடகைக்கு இருந்த எங்கள் எல்லோருக்கும் குளியலறை ஒன்றே என்பதால், விடியுமுன் எழுந்து அவசர அவசரமாகச் சவரம் செய்துவிட்டுப் பேருந்துக்கு ஓட வேண்டியிருந்தது. அந்தக் குளிர்காலம் முழுவதும் தாடி வளர்த்த பிறகே தோல் தேறியது. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் நல்லதாக ஒன்றை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். பிளேடு வெளியே தெரியும் அளவைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற மெர்க்கூர் புரோகிரஸ் ரேஸரும் ஜப்பானின் ஃபெதர் பிளேடும் எனக்கு நன்றாகப் பொருந்தியிருக்கின்றன.

உதகை, பர்மிங்காம்:

அண்ணன் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஃபெதர் மிகக் கூர்மையான பிளேடு; சேஃப்டி ரேஸரை இதுவரை கையில் பிடிக்காதவரிடம் அதைக் கொடுத்தால் திங்கட்கிழமை காலையில் முகம் இன்னும் மோசமாகத்தான் இருக்கும். அளவை மாற்றும் ரேஸரும் புதியவருக்குத் தேவையில்லை. எரிச்சல் எதனால் வந்தது என்று தேடும்போது மாற்றிப் பார்க்க வேண்டியவற்றில் இன்னும் ஒன்று கூடிவிடும், அவ்வளவுதான்.

என் ஆற்றாமையெல்லாம் இந்தக் கார்ட்ரிட்ஜ்களைப் பற்றியது, அதாவது பல பிளேடுகளைப் பதித்து, மழுங்கியதும் கழற்றி எறியும் பிளாஸ்டிக் தலைகளைப் பற்றியது. 1971-இல் இரண்டு பிளேடு வந்தது, 1998-இல் மூன்று, 2006-இல் ஐந்து. ஒவ்வொரு முறையும் விலை ஏறியதே தவிர நம்மைப் போன்ற சுருள் முடிக்காரர்களின் கழுத்துக்கு விடிவு வரவில்லை. முதல் பிளேடு முடியைச் சற்று இழுத்துப் பிடிக்க, அடுத்தது அதை வெட்ட, வெட்டுப்பட்ட முனை தோலுக்குள் பின்வாங்கி, வளரும்போது உள்ளேயே வளைந்து கட்டியாகிறது. எட்டுத் தலைகள் கொண்ட ஒரு கார்ட்ரிட்ஜ் பொதிக்குக் கொடுக்கும் பணத்தில் நூறு பிளேடுகள் வாங்கிவிடலாம். பிளாஸ்டிக்கைத் தடுக்க எத்தனை ஆண்டுகளாகவோ பாடுபடும் நீலகிரி மாவட்டத்திலிருந்து வந்துவிட்டு, பிளாஸ்டிக்கும் எஃகும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கிடக்கும் இந்தத் தலைகளை வாரந்தோறும் குப்பையில் போட எனக்கு மனம் ஒப்பவில்லை. சவரத்துக்கு முன் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். முடிந்த பிறகு ஒரு குவளைத் தண்ணீரில் நீலகிரித் தைலம் ஒரு சொட்டு விட்டு முகத்தைக் கழுவுங்கள். தண்ணீரைக் குறை சொல்பவர்களை நம்ப வேண்டாம். இங்கே சோப்பு ஊரில் நுரைப்பது போலவேதான் நுரைக்கிறது.

கூடலூர், தோஹா:

பிளேடு வாங்கும் முன் விமானப் பயணத்தை நினைவில் வையுங்கள். தனி பிளேடுகளைக் கைப்பையில் எடுத்துச் செல்ல விடமாட்டார்கள். ரேஸருக்குள் பிளேடு இருப்பதை மறந்து வந்த என் நண்பர் ஒருவரைச் சோதனையில் நிறுத்திவிட்டார்கள். எனக்கு மின்சார ஷேவரே போதுமானதாக இருக்கிறது. இங்கேயாவது நம்மவர் நடத்தும் சலூன்கள் உண்டு. ஐரோப்பாவில் சலூனில் சவரம் செய்துகொள்வது மாதச் சம்பளக்காரருக்குக் கட்டுப்படியாகாத செலவு என்று அங்கே இருக்கும் உறவினர்கள் எல்லோரும் வருந்துகிறார்கள். கூடலூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் முகம் கழுவி, நுரை பூசி, பிளேடு மாற்றி, இரண்டு முறை இழுத்து, கடைசியில் படிகாரக் கல்லும் தேய்த்துவிடுவார்களே, அந்த நிம்மதி எந்த நாட்டிலும் கிடைக்கவில்லை.

வெலிங்டன், குன்னூர்:

நான் வெளிநாட்டில் குடியேறியவன் அல்லன். மகள் அங்கே இருப்பதால் இங்கே எழுதப்படுவதையெல்லாம் தவறாமல் படிக்கிறேன். மதராஸ் ரெஜிமெண்டில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்பதால், நாள்தோறும் சவரம் செய்தே ஆக வேண்டியவனின் நிலை எனக்குத் தெரியும்.

நீலகிரித் தைலத்தை அந்த முகத்தில் வைக்க வேண்டாம் தம்பி. அது தண்ணீரில் கரைவதில்லை, மேலே மிதக்கும். நீர்த்துப்போயிருக்கும் என்று நம்பி அள்ளி ஊற்றும்போது முழு வீரியத்தோடு வெட்டுக்காயத்தில் படும். தடிமனுக்கு ஆவி பிடிப்பது வேறு, தோலுரிந்த கழுத்தில் பூசுவது வேறு. தேங்காய் எண்ணெயும் நிறையத் தடவினால் நுரையை அடக்கிவிடும்.

ரேஸரின் கதை மிக எளிமையானது. கிங் கேம்ப் ஜில்லெட் 1904-இல் காப்புரிமை பெற்ற அமைப்பின் சாரம்தான் இன்றும் நடப்பில் இருக்கிறது. மெல்லிய எஃகுத் தகட்டை மேல்மூடி வளைத்து இறுக்கிப் பிடிக்க, விளிம்பு மட்டும் இம்மியளவு வெளியே தெரிகிறது. இருபுறமும் கூர்மையுள்ள பிளேடு எந்த நிறுவனத்தினுடையதாக இருந்தாலும் இந்த வகை ரேஸர் எதிலும் பொருந்தும் என்பதால், ரேஸரை ஒரு முறை வாங்கிவிட்டு பிளேடை மட்டும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஆனால் பெயரைச் சொல்லுமுன் நீங்கள் விட்டுவிட்ட விவரங்கள் வேண்டும். எந்த ஊர், இப்போது எதைக் கொண்டு சவரம் செய்கிறீர்கள், கோத்தகிரியில் எதைக் கொண்டு செய்தீர்கள், திங்கட்கிழமை என்ன?

கோத்தகிரி, இங்கிலாந்து:

மன்னியுங்கள் ஐயா, பதற்றத்தில் எழுதிவிட்டேன். கேம்பிரிட்ஜில் ஒரு மருத்துவமனையில் செவிலியராகச் சேர்ந்திருக்கிறேன். காற்றிலுள்ள நுண்துகள்களை வடிகட்டும் எஃப்எஃப்பி3 முகக்கவசம் முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்துகிறதா என்று பார்க்கும் சோதனை திங்கட்கிழமை நடக்கிறது; முகத்தில் முடி இருந்தால் சோதனையே செய்ய மாட்டார்கள். தாடி வளர்ப்பது அதனால்தான் இயலாது. ஊரில் வாரத்துக்கு இரண்டு முறை சலூனுக்குப் போவேன். நானாகச் சவரம் செய்யத் தொடங்கியதே இங்கே வந்த பிறகுதான். ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜ், கேனில் வரும் நுரை. ஒரு தலையைப் பல வாரம் வைத்துக்கொள்கிறேன். கட்டிகள் பெரும்பாலும் கழுத்தில்தான் இருக்கின்றன, கன்னத்தில் இல்லை.

கொடைக்கானல், லீட்ஸ்:

தம்பி, நானும் இங்கே செவிலியர்தான். இப்போதுதான் கேள்வி முழுமையாகியிருக்கிறது. நீங்கள் கேட்ட ரேஸரைப் பிறகு சொல்கிறேன், முதலில் திங்கட்கிழமையைக் கவனிப்போம்.

கவசத்தின் விளிம்பு தோலில் படியும் இடத்தில் முடி இருக்கக் கூடாது என்பதே விதி. அந்த விளிம்பு மூக்கின் மேலிருந்து கன்னங்கள் வழியாக இறங்கி முகவாய்க்கு அடியில் முடிகிறது. உங்கள் கழுத்தின் கீழ்ப்பகுதி அதற்குள் வருவதேயில்லை. ஆகவே கண்ணாடி முன் நின்று, விளிம்பு எங்கே படியும் என்று விரலால் அளந்து பார்த்து, அதற்குக் கீழே உள்ள பகுதியில் பிளேடே படாமல் ட்ரிம்மரால் மட்டும் கத்தரித்துவிடுங்கள். உங்கள் எரிச்சலில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. இன்று முதல் ஞாயிறு வரை சவரமே வேண்டாம், தோல் ஆறட்டும். திங்கட்கிழமை காலையில் புதிய கார்ட்ரிட்ஜ் தலையைப் பொருத்தி, முடி வளரும் திசையிலேயே ஒரே ஒரு முறை, அழுத்தாமல் இழுங்கள். கவசத்துக்குத் தேவை முடியில்லாத தோல் மட்டுமே. எதிர்த்திசையில் இழுத்து மழமழப்பாக்க வேண்டியதில்லை. புதிய ரேஸரை அன்று முதன்முதலாகத் தொடவே கூடாது. கட்டிகளில் சீழ் இருந்தால் நாளையே மருந்தகத்துக்குப் போங்கள். முன்பதிவும் கட்டணமும் இல்லாமல் மருந்தாளுநர் பார்த்துச் சொல்வார். புண் ஆறாவிட்டால் மேலாளரிடம் சொல்லிச் சோதனையைத் தள்ளிவைக்கக் கேளுங்கள். சவரமே செய்ய இயலாதவர்களுக்கு, தலையை மூடிக் காற்றை உள்ளே செலுத்தும் தளர்வான கவசமும் உண்டு.

அடுத்தது தண்ணீர். பர்மிங்காம் நண்பர் சொல்வது அவர் ஊருக்குச் சரி. அங்கே வேல்ஸ் மலைகளிலுள்ள ஏலான் பள்ளத்தாக்கிலிருந்து மென்னீர் வருகிறது. கேம்பிரிட்ஜ் நீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து எடுக்கப்படும் கடினநீர். உங்கள் கெட்டிலின் அடியைப் பார்த்தாலே வெள்ளைப் படிவு தெரியும். கோத்தகிரித் தண்ணீரில் சிறிது சோப்பிலேயே பொங்கிய நுரை இங்கே திரிந்து அடங்கிவிடும். நுரை மெலிந்தால் பிளேடு வெறும் தோலில் உரசும். ஆகவே தண்ணீரைக் கொதிக்கவைத்து, படிவு அடியில் தங்கிய பின், கைபொறுக்கும் சூட்டில் ஒரு குவளை எடுத்துக்கொண்டு, அதிலேயே நுரை எழுப்புங்கள். கேனில் வரும் நுரையை விட்டுவிட்டு, டியூபில் வரும் ஷேவிங் கிரீமையும் ஒரு செயற்கை இழை பிரஷையும் வாங்குங்கள். முடி நீரை உறிஞ்சி இளகிய பின்பே பிளேடுக்கு எளிதாக இணங்கும் என்பதால், குளித்து முடித்தவுடன் சவரம் செய்வது நல்லது.

இனி ரேஸர். நாள்தோறும் சவரம் செய்யப்போகிற, இதுவரை சேஃப்டி ரேஸரைப் பிடிக்காத ஒருவருக்கு மென்மையான ரேஸரே தேவை. அதாவது பிளேடின் விளிம்பு குறைவாக வெளியே தெரிவதும், அடித்தட்டு பல் வைத்ததாக இல்லாமல் நேர்விளிம்பாக இருப்பதும். ஜெர்மனியின் சோலிங்கனில் செய்யப்படும் மெர்க்கூர் 34சி, சாக்சனியின் மூலே ஆர்89, ஷெஃபீல்டின் எட்வின் ஜாகர் டிஇ89 ஆகிய மூன்றும் இந்த வகைக்குள் வருகின்றன. பின்னிரண்டின் தலையமைப்பு ஏறக்குறைய ஒன்றே என்பதால் விலை குறைவாகக் கிடைப்பதை வாங்கலாம். கை பெரியதாக இருந்தால் 34சி-யின் குட்டைக் கைப்பிடி சற்று இடைஞ்சலாக இருக்கும். பணம் இறுக்கமாக இருந்தால், சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும் வில்கின்சன் ஸ்வார்டின் பிளாஸ்டிக் ரேஸரில் பழகிவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள். எடை குறைவு என்பதால் கை தானாக அழுத்தப் பார்க்கும், அதில் மட்டும் கவனம் வேண்டும்.

பிளேடில் முதலிலேயே நூறு வாங்காதீர்கள். அஸ்ட்ரா, டெர்பி, வில்கின்சன் என்று ஐந்து ஐந்தாகச் சில வகைகளை வாங்கி, ஒரு வகையை முழுதாகத் தீர்த்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். ரேஸர், பிளேடு, கிரீம் மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒருபோதும் தெரியாது. மழுங்கிய பிளேடைவிடக் கூரிய பிளேடே தோலுக்கு நல்லது. மூன்று முதல் ஐந்து சவரத்துக்குள், முடி இழுபடுவது போலத் தோன்றியவுடன் மாற்றிவிடுங்கள். ஃபெதர் பிறகு, கை பழகியபின்.

வெலிங்டன், குன்னூர்:

லீட்ஸ் நண்பர் சொன்னதே சரி. கைப்பழக்கத்தைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன். ரேஸரின் மேல்மூடியைக் கன்னத்தில் வைத்து, கைப்பிடி முகத்துக்குக் குத்தாக நிற்கும் நிலையிலிருந்து மெல்லத் தாழ்த்திக்கொண்டே வந்தால், ஏறக்குறைய 30 பாகையில் பிளேடு முடியைத் தொடும் சத்தம் கேட்கும். அந்தக் கோணத்தைவிட்டு நகராதீர்கள். ரேஸரின் எடையே வெட்டப் போதும். கார்ட்ரிட்ஜில் பழகிய கை அழுத்தும், அதுதான் புதியவர்களின் கழுத்தைப் புண்ணாக்குகிறது. இழுப்பு ஓர் அங்குலத்துக்கு மிஞ்ச வேண்டாம். கழுத்தில் முடி பலருக்கு மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ வளரும்; இரண்டு நாள் வளர்ந்த முடியை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, சொரசொரப்பில்லாமல் கை வழுக்கும் திசை எதுவோ அதுவே முதல் இழுப்பின் திசை. விடுமுறை நாளில் கன்னத்தில் மட்டும் தொடங்குங்கள், கழுத்து கடைசியில்.

தோல் ஆறிய பிறகு படிகாரத்தை நனைத்துத் தேய்த்துக் கழுவிப் பாருங்கள். எந்த இடத்தில் சுரீரென்கிறதோ அங்கே அழுத்தியிருக்கிறீர்கள் என்று பொருள். அதன்மேல் மணமில்லாத ஈரப்பசைக் கிரீம் ஒன்று போதும்.

கோத்தகிரி, இங்கிலாந்து:

எல்லோருக்கும் நன்றி. அடுத்த மாதம் ஊரிலிருந்து ஒருவர் வருகிறார். அப்பா வாங்கும் செவன் ஓ'க்ளாக் பிளேடுகளை அவரிடம் கொடுத்தனுப்பச் சொல்லலாமா? தேய்ந்த பிளேடுகளை எங்கே போடுவது?

கொடைக்கானல், லீட்ஸ்:

கொடுத்தனுப்பலாம், பிரிக்காத பொதியாகச் சரக்குப் பெட்டிக்குள் மட்டும். இங்கேயே இணையத்தில் வாங்கினால், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு பிளேடு விற்கக் கூடாது என்ற சட்டம் இருப்பதால், வீட்டில் கொடுக்கும்போது வயதுச் சான்று கேட்பார்கள். கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். தேய்ந்தவற்றை வெறுமனே குப்பையில் போட்டால் அள்ளுபவர் கையைக் கிழிக்கும். வார்டில் பயன்படுத்திய ஊசிகளைப் போடும் மஞ்சள் பெட்டியும் வீட்டு பிளேடுக்கானது அன்று. கண்டென்ஸ்டு மில்க் டப்பாவின் மூடியில் மெல்லிய பிளவு ஒன்று வெட்டி, பாலை வெளியே ஊற்றிவிட்டுக் கழுவிக் காயவைத்து, அதன் வழியே பிளேடுகளைப் போட்டுக்கொண்டே வாருங்கள். டப்பா நிறைவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். நிறைந்ததும் பிளவை ஒட்டி மூடி, உங்கள் நகராட்சியின் மறுசுழற்சி மையத்தில் உலோகப் பகுதியில் ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.