ஏற்றத்தாழ்வுக்குக் கழித்த சுட்டெண்: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்பின் நண்பர்களுக்கு,

'சமத்துவமின்மைக்கு ஏற்பச் சீராக்கப்பட்ட மனித அபிவிருத்திச் சுட்டெண்' என்ற பெயரை மாற்ற வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். போன கிழமை யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் உயர்தர வகுப்பொன்றில் இதைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பின்வாங்கில் இருந்த பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "சேர், சமத்துவமின்மையைச் சீராக்கிப் போட்டினமெண்டால் சுட்டெண் கூடத்தானே வேணும்? ஏன் குறையுது?"

பிள்ளை தமிழைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறாள். றோட்டைச் சீராக்கினார்கள் என்றால் பள்ளம் போய்விட்டது என்றுதான் பொருள். நாங்கள் கொடுத்த பெயர், அந்தச் சுட்டெண் செய்வதற்கு நேர் எதிரானதைச் சொல்கிறது.

அது செய்வது இதுதான். 1990 இல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் மனித அபிவிருத்திச் சுட்டெண்ணை வெளியிடத் தொடங்கியது. பாகிஸ்தான் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் முன்னின்று நடத்தினார், அமர்த்தியா சென் துணைநின்றார். ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து ஒரு நாட்டுக்கு ஓர் எண். ஆனால் அந்த எண் சராசரிகளால் ஆனது. யாருக்கு எவ்வளவு போனது என்று அது பார்ப்பதில்லை. அதனால் 2010 இல், மேலே சொன்ன நீண்ட பெயருள்ள இரண்டாவது வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். இதில் மூன்று பகுதியிலும், மக்களுக்கிடையே உள்ள வித்தியாசத்தின் அளவுக்கு ஒரு பங்கைக் குறைத்துவிடுகிறார்கள். எல்லோருக்கும் ஒரேயளவு கிடைத்திருந்தால் எதுவும் குறையாது.

எவ்வளவு குறைப்பது என்பதற்குப் பிரித்தானியப் பொருளியலாளர் அற்கின்சன் 1970 இல் கொடுத்த அளவையைப் பயன்படுத்துகிறார்கள். வகுப்பில் நான் கரும்பலகையில் போட்டுக் காட்டும் கணக்கு: இரண்டு வீடு. ஒன்றுக்கு மாதம் 20,000 ரூபா, மற்றதுக்கு 80,000. சாதாரண சராசரி 50,000. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 40,000. இரண்டு வீட்டுக்கும் 50,000 படி கிடைத்திருந்தால் இந்த இரண்டு விடையும் ஒன்றாகவே வந்திருக்கும். வித்தியாசம் இருப்பதால் 10,000 போய்விட்டது. நூற்றுக்கு இருபது.

இந்த இருபதுக்கு யாழ்ப்பாணத்தில் சொல் தேட வேண்டியதில்லை. அது கழிவு. எங்கள் ஐயா கத்தரிக்காய்ச் சாக்கைச் சைக்கிளில் கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோவார். நூறு கிலோ நிறுத்தால் துண்டில் தொண்ணூறு என்று எழுதுவார்கள். மிச்சம் பத்தும் கழிவு. வீட்டுக்கு வந்து அந்தத் துண்டை அம்மாவிடம் கொடுக்கும்போது, "நூறு, கழிவு போகத் தொண்ணூறு" என்றுதான் சொல்வார். இங்கே தோட்டக்காரர் எல்லோருக்கும் தெரிந்த மனக்குறை இது. கணக்கில் இருந்து கைக்கு வராமல் போனது என்ற பொருள் இந்தச் சொல்லில் அப்படியே இருக்கிறது. சராசரி என்ற பெரிய எண்ணுக்கும் சனத்தின் கைக்கு வந்ததற்கும் இடையில் போனதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

இந்தச் சொல்லை நான் முன்பு சொன்னதற்குச் சென்னை நண்பர் சென்ற மடலில், கழிவு என்றால் கழிவுநீரும் குப்பையும்தான் தங்கள் பக்கத்தில் நினைவுக்கு வரும் என்று எழுதியிருந்தார். நியாயமான மறுப்பு. அங்கே 'தள்ளுபடி' என்று எழுதும் கடைப்பலகையில் இங்கே 'விலைக்கழிவு' என்று இருக்கும். அவருக்காக 'ஏற்றத்தாழ்வு கழித்த' என்று வினையாக்கிப் பார்த்தேன். குப்பை போய்விட்டது, ஆனால் பிள்ளையின் கேள்வி திரும்பி வந்துவிட்டது: ஏற்றத்தாழ்வையே கழித்து எறிந்துவிட்டார்கள் என்று படிக்கலாம். இரண்டு நாள் இதோடு மினக்கெட்ட பிறகுதான் வேற்றுமை உருபில் விடை இருப்பது தெரிந்தது. சேதாரத்துக்குக் கழித்தார்கள், ஈரத்துக்குக் கழித்தார்கள் என்கிறோம் அல்லவா? அதேபோல் 'ஏற்றத்தாழ்வுக்குக் கழித்த மனித அபிவிருத்திச் சுட்டெண்'. குறைந்த வீதத்தைத் தனியே சொல்லும்போது 'ஏற்றத்தாழ்வுக் கழிவு'.

அப்புறம், 'சமத்துவமின்மை'யை ஏன் விட்டேன்? உரிமை பற்றிப் பேசும்போது அது நல்ல சொல். அளக்கும் இடத்தில் இடறுகிறது. இன்மை என்றால் ஒன்று இல்லை என்பது. கூடிய இன்மை, குறைந்த இன்மை என்று அளவு சொல்வது கடினம். வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் கினிக் குணகம் பூச்சியம் என்றால் 'சமத்துவமின்மை இல்லை' என்று பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த வேண்டியிருக்கிறது. ஏற்றத்தாழ்வு கூடும், குறையும், இல்லாமலும் போகும். மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் இரண்டு பேருமே சொல்லுக்குள் இருக்கிறார்கள். 'சமனிலி' என்று சுருக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைக் கணித பாடம் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது.

சொல் சரியாக இருந்தால் கேட்கும் கேள்வியும் சரியாக வரும் என்பதற்கு எங்கள் நாடே உதாரணம். எந்தப் பகுதியில் கழிவு கூட என்று இப்போது கேட்கலாம். இலங்கைக்கு ஆயுளில் கழிவு குறைவு, வருமானத்தில்தான் அதிகம். இலவச ஆஸ்பத்திரியும் 1945 இல் வந்த இலவசக் கல்வியும் ஏழை வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தன. வருமானம் அப்படிப் போகவில்லை. 2016 ஆம் ஆண்டு வீட்டு வருமானச் செலவுக் கணக்கெடுப்பில், மேல்மட்ட ஐந்திலொரு பங்கு வீடுகளுக்கு மொத்த வருமானத்தில் 50.8 வீதம், அடிமட்ட ஐந்திலொரு பங்குக்கு 4.8 வீதம். இதே கணக்கெடுப்பில் 2006/07 இல் வட மாகாணமே இல்லை. 2009/10 இலும் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு இல்லை. 2012/13 இல்தான் 25 மாவட்டமும் வந்தது. போர் தின்ற ஊர்களை விட்டுவிட்டு எடுத்த சராசரியைத்தான் அதுவரை நாட்டின் சராசரி என்று படித்தோம். இந்த எண்களை எங்கள் பிள்ளைகள் சொந்த மொழியில் பிழையில்லாமல் வாசிக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

மற்றச் சொற்களில் எனக்குப் பெரிய வழக்கு இல்லை. செல்வம் மக்களிடையே எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்று காட்ட லோரன்ஸ் 1905 இல் வரைந்ததை நாங்கள் வளையி என்போம், தமிழகத்தார் வளைகோடு என்பார்கள், இரண்டும் இருக்கட்டும். கினி ஆள் பெயர், அப்படியே விடுவோம். பொருளியலாளர் குஸ்நெற்ஸ் 1955 இல் சொன்னதற்கு மட்டும் ஒரு பெயர் வேண்டும்: நாடு வளரும்போது ஏற்றத்தாழ்வு முதலில் ஏறி, பிறகு இறங்கும் என்ற கருத்து. 'குன்று வளையி' என்று எழுதிப் பார்க்கிறேன். பல நாடுகளில் ஏறியது இறங்கவில்லை, இறங்கியது திரும்ப ஏறியிருக்கிறது என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

வாற கிழமை அதே வகுப்பில் பழைய பெயரையும் புதியதையும் விளக்கம் சொல்லாமல் பலகையில் எழுதி, சுட்டெண் கூடுமா குறையுமா என்று மட்டும் கேட்கப் போகிறேன். மட்டக்களப்பில் படிப்பிக்கும் தங்கச்சியும், சென்னை நண்பரும் தங்கள் பக்கத்தில் இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்து எழுதினால் நல்லது. சென்னையில் 'கழித்த' என்பதையும் பிழையாக வாசித்தால், நான் என் சொல்லை மீட்டுக்கொண்டு திரும்பத் தேடுகிறேன்.