சந்தைப்படுத்தல் தொழிலில் இருப்பவரிடம் மட்டுறுத்துநர் பொறுப்பைக் கொடுக்கலாமா?

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்):

நம் மரபு நெல் இணையக் குழுவுக்கு மூன்றாவது மட்டுறுத்துநராக, அரசலாறு என்ற பெயரில் எழுதுபவரை நியமிக்கலாம் என்று சென்ற வாரம் முன்மொழியப்பட்டது. நான் அதை எதிர்க்கிறேன். அவர் முன்னிலையிலேயே காரணத்தைச் சொல்வதுதான் முறை என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். அவருடைய உழைப்பைப் பற்றி எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. ஆனால் சந்தைப்படுத்தல் அவருடைய தொழில்; மரபரிசி விற்கும் நிறுவனங்களுக்கு அவர் கட்டணம் பெற்றுக்கொண்டு ஆலோசனை வழங்குகிறார். விளைவிப்பவரும் வாங்குபவரும் மனம் விட்டுப் பேசும் இடத்தில் எந்த இடுகை நிற்க வேண்டும், எது நீக்கப்பட வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம், விற்பவரிடம் ஊதியம் பெறுபவர் கையில் இருக்கக் கூடாது. வேறொரு குழுவில், மூட்டைக்கு இரண்டு கிலோ கழித்து எடை போட்ட வியாபாரி ஒருவரைப் பற்றி எழுதியிருந்தேன். மறுநாள் காலையில் அந்த இடுகையைக் காணவில்லை. குழுவை நடத்தியவருக்கும் அந்த வியாபாரிக்கும் தொழில் தொடர்பு இருந்தது பிறகுதான் தெரியவந்தது. அந்த நிலை இங்கே வரக் கூடாது.

அவல் தோழிகள் (பாபநாசம்):

ஐயா, தங்கள் கவலை நியாயமானது; ஆனால் அதிலிருந்து தாங்கள் எடுக்கும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் மகளிர் சுயஉதவிக் குழு மாப்பிள்ளைச் சம்பா என்ற மரபு நெல்லில் அவல் தயாரிக்கிறது. உறைக்கு அச்சகத்தார் போட்டுக்கொடுத்த மாதிரியில், இப்படிப்பட்ட பொருள்களுக்கு அவர்கள் வழக்கமாகச் சேர்க்கும் ‘சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்’ என்ற வரி பெரிய சிவப்பு எழுத்தில் இருந்தது. அந்தப் படத்தைக் குழுவில் பகிர்ந்தபோது எல்லோரும் வாழ்த்தினார்கள். அரசலாறு அண்ணன் ஒருவர்தான் அச்சுக்கு அனுப்ப வேண்டாம் என்றார். உணவுப் பொருள் ஒரு நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் தடை செய்கின்றன என்பதையும், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்பதையும் அவர்தான் எடுத்துச் சொன்னார். அந்த வரி இருந்த இடத்தில் இப்போது நெல்லின் ரகம், விளைந்த ஊர், அறுவடையான மாதம் ஆகிய மூன்றும் இருக்கின்றன. இதற்காக அவர் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் சன்ன ரகம், பொது ரகம் என்று இரண்டாகத்தான் பிரிக்கப்படுகிறது. 2025–26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்குப் பொது ரகத்துக்கு 2,369 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,389 ரூபாய். மாநில அரசின் ஊக்கத்தொகையைச் சேர்த்தாலும் மரபு நெல்லுக்கென்று அங்கே தனி விலை கிடையாது. ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நின்று, கதிர் முற்றும் நேரத்தில் ஒரு காற்று அடித்தால் சாய்ந்துவிடும் பயிரை அந்த விலைக்கு யார் போடுவார்கள்? நம் நெல் பிழைத்திருப்பதே வெளிச்சந்தையால்தான். அந்தச் சந்தையை அறிந்தவரை வாசலில் நிறுத்தி வைப்பது நமக்குத்தான் இழப்பு.

வெண்ணாற்றங்கரை:

அம்மா, அவர் உதவியதை நான் மறுக்கவில்லை. உதவி செய்ய உறுப்பினராக இருந்தாலே போதுமே. இடுகையை நீக்கும் அதிகாரம் எதற்கு? ஒரு பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் அதன் உரிமையாளருக்கும் தொடர்பு இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளே சொல்கின்றன. பரிந்துரைப்பவருக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், மற்றவர்களின் பேச்சை நீக்கக்கூடியவருக்கு அதைவிடக் கடுமையான கட்டுப்பாடு வேண்டாமா?

அரசலாறு (கும்பகோணம்):

என்னைப் பற்றிய விவாதம் என்பதால் என் பாதையை நானே சொல்லிவிடுகிறேன். வேதியியல் பட்டம் பெற்றதும் ஒரு மருந்து நிறுவனத்தில் மெடிக்கல் ரெப் ஆனேன். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் ஆகிய ஊர்கள் என் எல்லை. கடைசி நோயாளி போன பிறகுதான் மருத்துவர் எங்களை உள்ளே அழைப்பார் என்பதால், இரவு பத்து மணி வரை கிளினிக் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அன்றாட வேலை. பிறகு திருச்சியில் ஏரியா மேனேஜர், அதன் பின் சென்னையில் ஒரு நுகர்பொருள் நிறுவனத்தின் பிராண்ட் பிரிவு, அங்கிருந்து இணைய விளம்பரத் துறை. 2020இல் ஊர் திரும்பித் தனியாக ஆலோசனைத் தொழில் நடத்துகிறேன்.

மெடிக்கல் ரெப்பாக இருந்த நாள்களில் மயிலாடுதுறையில் ஒரு மூத்த மருத்துவர், நான் கொண்டுபோகும் மருந்து விளக்க அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் பக்கவிளைவுகளை முதலில் படிப்பார். அதன் பிறகுதான் என்னைப் பேசவிடுவார். விற்க வந்தவன் என்று தெரிந்தே அவர் என்னிடம் தகவல் கேட்டார், நானும் அதை அறிந்தே பேசினேன். அந்த உறவில் ஏமாற்று இல்லை. வெண்ணாற்றங்கரை ஐயாவிடம் நான் கேட்பதும் அதுதான்: நான் யாருக்காக வேலை செய்கிறேன் என்பதைத் தெரிந்துகொண்டு, என் பேச்சை அதற்கேற்ப எடை போடுங்கள். இன்றைய தேதியில் மரபரிசி விற்கும் இரண்டு நிறுவனங்கள் எனக்குக் கட்டணம் தருகின்றன. இன்று மாலைக்குள் அவற்றின் பெயர்களை என் அறிமுகப் பக்கத்தில் எழுதிவிடுகிறேன். ஆனால் தொழிலே ஒருவரைத் தகுதியற்றவராக்குகிறது என்ற வாதத்தை நான் ஏற்க மாட்டேன். ஒரு பொருளின் பெயரை அது விளையும் ஊரோடு சேர்த்துச் சட்டப்படி காக்கும் புவிசார் குறியீடு, கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இல் கிடைத்தபோது, இனி விலை தானாக ஏறிவிடும் என்று இங்கே பலர் எழுதினார்கள். குறியீட்டைப் பயன்படுத்த விரும்பும் வெற்றிலைக் கொடிக்கால் விவசாயி, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிவு செய்ய வேண்டும் என்பதையும், அப்படிப் பதிவு செய்த பிறகும் வாங்குபவரிடம் அந்தப் பெயரைக் கொண்டுசேர்க்கும் வேலை மிச்சம் இருப்பதையும் நான் எடுத்து எழுத முடிந்தது இந்தத் தொழிலில் இருந்ததால்தான்.

கோரையாறு (மன்னார்குடி):

பணத் தொடர்பைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். என் அச்சம் வேறு. எந்த ஊரில் யார் கருப்புக் கவுனி நெல் போட்டிருக்கிறார், யாரிடம் மூட்டை தேங்கிக் கிடக்கிறது, யார் பணமுடையில் அவசரமாக விற்கத் தயாராக இருக்கிறார் என்பதெல்லாம் இங்கே நாள்தோறும் எழுதப்படுகிறது. சந்தைப்படுத்தல் பயின்ற ஒருவரின் கண்ணுக்கு இது காசு கொடுத்தாலும் கிடைக்காத சந்தை ஆய்வு. அதோடு, சேரும்போது உறுப்பினர்கள் தரும் கைபேசி எண்களும் மட்டுறுத்துநருக்குத் தெரியும். அரசலாறு அண்ணன் நாணயமானவர் என்றே நம்புகிறேன். ஆனால் தேக்கம் எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகு, தம்மிடம் ஆலோசனை கேட்கும் நிறுவனத்திடம் அந்த விஷயத்தை மறந்துவிட்டுப் பேச எந்த மனிதராலும் முடியுமா? விவசாயிக்கு விலை குறைவது அந்த இடத்தில்தான்.

அரசலாறு:

தம்பி கேட்டது இந்த இழையிலேயே கனமான கேள்வி. பொது இடுகைகளை ஆலைக்காரர் உட்பட எவரும் படிக்கலாம். அதற்கு மட்டுறுத்துநராக இருக்கத் தேவையில்லை. கைபேசி எண்களைப் பொறுத்தவரை தாங்கள் சொல்வது முழுக்கச் சரி. அந்தப் பட்டியலைப் பார்க்கும் வசதி எனக்கு வேண்டாம். அதைத் தராமலேயே பொறுப்பைக் கொடுக்க முடியும் என்றால் கொடுங்கள்.

வயல் பார்த்தவர் (ஆடுதுறை, ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்):

இரு தரப்புப் பேச்சையும் படித்தேன். 1922இல் தொடங்கப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பக்கத்திலேயே என் பணிக்காலம் கழிந்தது. நல்ல ரகம் வயலுக்குப் போய்ச் சேராமல் நின்றதையும், சுமாரான ரகம் விளம்பரத்தால் பரவியதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே சந்தை அறிந்தவர் நம்மோடு இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. என் யோசனை இது: அரசலாறு மட்டுறுத்துநராக இருக்கட்டும். விலை, எடை, தரம் பற்றிய புகார்களை மட்டும் மற்ற இருவர் கையாளட்டும். நீக்கப்படும் ஒவ்வொரு இடுகைக்கும் காரணம் எல்லோர் பார்வையிலும் பதிவாகட்டும். யார் நீக்கினாலும் இது பொருந்தட்டும்.

வெண்ணாற்றங்கரை:

ஆடுதுறை ஐயாவின் யோசனையில் கடைசிப் பகுதியை முழு மனதோடு ஆதரிக்கிறேன். யார் பொறுப்புக்கு வந்தாலும் அது நடைமுறைக்கு வர வேண்டும். அரசலாறு அவர்கள் நேர்மையாகப் பதில் சொன்னதற்கும் நன்றி. ஆனாலும் என் வாக்கு எதிராகத்தான் இருக்கும். விலைப் புகாரைத் தனியே பிரிக்கலாம் என்பது எழுத எளிது. நம் குழுவில் விதை பற்றிய பேச்சு மூன்றாவது பதிலிலேயே விலைக்குப் போய்விடுகிறது; அறுவடை பற்றிய பேச்சும் அப்படித்தான். எங்கே கோடு போடுவீர்கள்? அந்த இரண்டு நிறுவனங்களின் ஒப்பந்தம் முடிந்து ஒரு சம்பா பருவம் கழியட்டும். அப்போது அவர் பெயரை நானே முன்மொழிகிறேன்.

அவல் தோழிகள்:

அந்த ஒரு பருவத்தில் எத்தனை உறைகள் தவறான வரியோடு அச்சாகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள் ஐயா. எங்கள் குழுவின் வாக்கு ஆடுதுறை ஐயாவின் யோசனைக்கு. வாக்கெடுப்பை ஞாயிற்றுக்கிழமை வரை திறந்து வைக்கும்படி மட்டுறுத்துநர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நாற்று நடவில் இருப்பவர்கள் அன்றுதான் கைபேசியைப் பார்ப்பார்கள்.