உணர்வே இல்லாத கால்ல எரிச்சல், உங்களுக்கும் இருக்கா?

தென்னை மரத்துல இருந்து விழுந்து முதுகுத்தண்டுல டி10ங்கிற இடத்துல அடிபட்டவன் நான், கம்ப்ளீட் இஞ்சுரி, அதாவது அதுக்குக் கீழ உணர்வும் இல்ல, அசைவும் இல்ல, தொப்புளுக்குக் கீழ கிள்ளினாலும் தெரியாது. ஆனா ராத்திரியானா ரெண்டு பாதமும் எரியும், நடுநடுவுல சுரீர்னு ஒண்ணு வெட்டி இழுக்கும். வீட்ல சொன்னா "உணர்ச்சியே இல்லங்கிற, அப்புறம் எப்படிப்பா வலிக்கும்"னு கேக்குறாங்க, அவங்க கேக்குறதும் நியாயம்தான்.

ரீஹேப் டாக்டர் வலி கால்ல இல்ல, முதுகுத்தண்டுலயும் மூளையிலயும் உண்டாகுதுன்னார். எனக்குச் சுள்ளுனு கோவம், மனப்பிரமைங்கிறாரோன்னு. அப்புறம் பொறுமையா சொன்னார். மூளையில ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு இடம் இருக்காம், கால்ல இருந்து தகவல் நின்னுபோனா, தரிசா கிடக்குற நிலத்துல பக்கத்து வயக்காரன் வரப்பை நகர்த்துற மாதிரி கை பக்கம் இருக்குற பகுதி அங்க நகருமாம். 2009ல சிட்னில நம்மள மாதிரி தண்டுவடம் அடிபட்டவங்களுக்கு மூளை ஸ்கேன் எடுத்தே இதைப் பாத்திருக்காங்க, சுண்டு விரலை பிரஷ்ஷால தடவி. அந்த விரலோட இடம் கால் பக்கம் எவ்வளவு தள்ளிப் போயிருந்துச்சோ அவ்வளவு வலி அதிகமா இருந்திருக்கு. இடம் மாறினதால வலியா, வலியால இடம் மாறுச்சான்னு அதை வச்சுச் சொல்லிட முடியாது. இருந்தாலும் வீட்ல விளக்கிச் சொல்ல எனக்கு இது போதும்.

---

அண்ணா எனக்கு டி6, அதே எரிச்சல்தான். ஃபிசியோ கண்ணை மூடி நடக்குற மாதிரி நினைச்சுப் பாருன்னாங்க, நினைச்சேன், எரிச்சல் ஏறிடுச்சு! தேடிப் பாத்தா 2008லயே கணுக்காலை மனசுல ஆட்டச் சொன்ன ஒரு ஆய்வுல பலருக்கு வலி கூடித்தான் இருக்கு. ஆனா 2007ல மோஸ்லின்னு ஒருத்தர், மேல கண்ணாடில நோயாளியோட மேல் உடம்பு, கீழ வேற ஒருத்தர் கால் நடக்குற வீடியோன்னு வச்சு, தானே நடக்குற மாதிரி காட்டினப்போ வலி குறைஞ்சிருக்கு. பாத்தது மொத்தம் அஞ்சு பேரைத்தான், அதனால ரொம்ப நம்பிடாதீங்க. நம்ம மூளை விஞ்ஞானி வி.எஸ்.ராமச்சந்திரன் சார், கை போனவங்களுக்கு இல்லாத கை இருக்குற மாதிரி காட்ட கண்ணாடிப் பெட்டி வச்சாரே, அந்த வழிதான்.

---

தம்பிங்களா, நான் நரம்பு வலிக்கு ப்ரீகாபலின்னு ஒரு மருந்து எடுக்குறேன். எரிச்சல் முழுசா போகல, தூக்கம் வருது, ஆனா காலைல தலை கிர்ருங்குது, கால் வேற வீங்குது. டாக்டரைக் கேக்காம டக்குனு நிறுத்திடாதீங்க. இன்னொண்ணு, எரிச்சல் திடீர்னு கூடினா மூளையை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல யூரின் டெஸ்ட் எடுங்க, பின்னாடி புண்ணு இருக்கான்னு யாரையாவது பாக்கச் சொல்லுங்க, மோஷன் சரியா போகுதான்னும் பாருங்க. எனக்குப் பாதி நேரம் யூரின் இன்ஃபெக்‌ஷன்தான்.