மறுமொழி: ‘பேக்லிங்க்’ – ‘பின்னிணைப்பு’ சரிவராது

கோத்தகிரியிலிருந்து

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

விடுதி, தேயிலைக் கடை, வர்க்கி அடுமனை நடத்தும் நம் மலைக்காரர்களுக்கான இணையக் கையேட்டில் மூன்றாம் அத்தியாயம் ‘பின்னிணைப்பு’ என்ற சொல்லில் சிக்கி நிற்கிறது. வேறொரு தளம் நம் தளத்துக்குத் தரும் இணைப்பான பேக்லிங்க் என்பதற்கு நேர்ச்சொல்லாக யாரோ போட்டது. புத்தகத்தின் கடைசியில் அட்டவணையும் வரைபடமும் வரும் பகுதிக்கல்லவா அந்தப் பெயர்? ‘பின்னிணைப்புகளைப் பெருக்குங்கள்’ என்று எழுதினால் கடைக்காரர் கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார். மாற்றாக வந்த ‘தொடுப்பு’க்கும் என் ஓட்டு இல்லை. ‘உங்களுக்கு எத்தனை தொடுப்பு?’ என்று எந்த முதலாளியிடமும் கேட்க எனக்குத் துணிவில்லை.

ஆனால் என் மறுப்பு ஓசையைப் பற்றியது மட்டுமன்று. முன்னா பின்னா என்ற திசையில் என்ன இருக்கிறது? கொடுத்தது யார் என்பதுதான் இங்கே செய்தி. லாரி பேஜும் செர்கே பிரினும் ஸ்டான்போர்டில் இருந்தபோது 1998இல் வெளியிட்ட, கூகுள் தேடலுக்கு அடித்தளமான பேஜ்ரேங்க் என்ற தரவரிசை முறையின் அடிப்படையே, ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்குத் தரும் இணைப்பு ஓட்டுப் போன்றது என்பதுதான். எல்லா ஓட்டும் சமமல்ல. பலரால் சுட்டப்படும் பக்கம் தரும் இணைப்புக்கு எடை அதிகம். தன் ஓட்டைத் தானே நூறு இடத்தில் போட்டுக்கொள்ள வழி கண்டுபிடித்தவர்களால் வந்ததுதான் மற்ற குழப்பமெல்லாம்.

இங்குள்ள விடுதிக்காரர் ஒருவர் முகவரிடம் வாங்கிய செய்திக்குறிப்பைக் காட்டினார். அதில் செய்தி இல்லை. ‘கோத்தகிரி மலிவு விடுதி’ என்ற தொடர் மட்டும் பத்திக்குப் பத்தி வருகிறது. ஒவ்வொன்றிலும் அவருடைய தளத்துக்கு இணைப்பு. பணம் கட்டினால் இது எழுத்து மாறாமல் ஏராளமான தளங்களில் ஏறுமாம், தேடலில் விடுதி முதலிடத்துக்கு வருமாம். கூகுள் 2012 ஏப்ரலில் தன் தேடல் தரவரிசையில் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து செயற்கை இணைப்புகளின் மீது கைவைத்தது. 2013 ஜூலையில் தன் விதிகளில், செய்திக்குறிப்புகளில் இப்படித் தேடல் சொற்களைத் திணித்து இணைப்புக் கொடுத்துப் பரப்புவதையே பெயர் சொல்லிக் குற்றமாகச் சேர்த்தது. முகவர்களுக்கு மட்டும் இன்னும் 2012 பிறக்கவில்லை.

ஆகவே என் முன்மொழிவு: வெளியிலிருந்து வரும் எல்லா இணைப்புக்கும் பொதுப்பெயர் ‘வரவிணைப்பு’. அதற்குள் இரண்டு வகை. எழுதுபவர் தாமாகத் தருவது ‘மதிப்பிணைப்பு’. காசுக்கு வாங்குவது ‘விலையிணைப்பு’.

இணைப்பின் நிரலில் சேர்க்கும் நோ ஃபாலோ குறிக்கு ‘பின்தொடராதே’ என்று மொழிபெயர்த்தவரை வணங்கி விலகுகிறேன். கூகுள், யாகூ, எம்எஸ்என் மூன்றும் 2005 ஜனவரியில் அதை ஏற்றுக்கொண்டதே, வலைப்பூப் பின்னூட்டங்களில் குப்பை இணைப்புகள் குவிந்ததால்தான். ‘இந்த இணைப்பு இங்கே இருக்கிறது, இதற்கு நான் பொறுப்பல்ல’ என்பதே அதன் பொருள். பொறுப்புத் துறப்பு என்ற சொல் எல்லாருக்கும் பழகிவிட்டது. இதைத் ‘துறப்புக்குறி’ என்போம்.

*

குன்னூரிலிருந்து

அன்புள்ள அம்மா,

வரவிணைப்பு அருமை. வரவு என்றாலே கடைக்காரருக்கு முகம் மலரும். துறப்புக்குறியும் சரி. மதிப்பிணைப்பைத்தான் ஏற்க இயலவில்லை. மதிப்பும் விலையும் நம் வழக்கில் அக்கம்பக்கத்து வீடுகள். சொத்து மதிப்பு என்கிறோம், விலையைத்தானே சொல்கிறோம்? எதிரெதிராக நிற்க வேண்டிய இரண்டு சொற்கள் ஒன்றையொன்று தழுவிக்கொண்டு நிற்கின்றன. ‘சான்றிணைப்பு’ என்று வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. தட்டினால் இணைப்பு திறக்கும் சொல்லுக்கு (ஆங்கர் டெக்ஸ்ட்) கையேட்டின் பதினான்காம் பக்கத்தில் ‘நங்கூர உரை’ என்று கண்டேன். மலையில் நங்கூரம் எதற்கு? இணைப்பைத் தாங்கி நிற்கும் சொல், ஆகவே ‘ஏந்துசொல்’. வினைத்தொகை, சகரம் மிகாது. அச்சுக்கோப்பவரிடம் சொல்லிவிடுங்கள், அவர் கை சும்மா இருக்காது.

*

கூடலூரிலிருந்து

ஐயா, அக்கா, இருவருக்கும் வணக்கம்.

தளம் வடிவமைப்பவன் என்ற முறையில் ஒரு சொல். ‘சான்று’ என்றதும் எனக்குத் தாலுகா அலுவலகம் நினைவுக்கு வந்தது. அதுவே பொருத்தம் என்றும் படுகிறது; தனக்குத் தானே சான்று எழுதிக்கொள்ள முடியாதல்லவா? ஆனால் விலையிணைப்பு என்று ஏன் இவ்வளவு மரியாதை? கள்ள ஓட்டு இருப்பதுபோல் ‘கள்ள இணைப்பு’ என்றே எழுதலாமே.

*

கோத்தகிரியிலிருந்து

தம்பி, விலை கொடுத்ததெல்லாம் கள்ளமாகாது. விளம்பரமாக ஓர் இணைப்பை வாங்குவதை கூகுள் தடுக்கவில்லை. அதன்மேல் குறி இருக்க வேண்டும் என்கிறது. 2019 செப்டம்பரில் விளம்பர இணைப்புக்கென்றே தனிக்குறி வந்தது. அதுவரை கூகுளுக்குக் கட்டளையாக இருந்த துறப்புக்குறி அப்போதுதான் வெறும் குறிப்பு என்ற நிலைக்கு மாறியது. எனவே குறியுள்ள விலையிணைப்பு விளம்பரம்; அதைப் பார்த்து ஆள் வரலாம், தரவரிசை உயராது. குறியை மறைத்த விலையிணைப்புதான் கள்ள இணைப்பு. உங்கள் சொல்லை அந்த இடத்துக்கு வைத்துக்கொள்கிறேன். பெரிய செய்திக்குறிப்பு விநியோக நிறுவனங்கள் பலவும் தாமே துறப்புக்குறி போட்டுவிடுகின்றன என்பதையும் அதே பக்கத்தில் சேர்க்கிறேன். தரவரிசைக்காகப் பணம் கட்டுபவர் அதைத் தெரிந்துகொண்டு கட்டட்டும்.

ஐயா, சான்றிணைப்பை ஏற்றுக்கொண்டேன். அத்தியாயத்தின் நடுப்பத்தி இப்போது இப்படி இருக்கிறது:

‘செய்திக்குறிப்பு நிருபருக்காக எழுதப்படுவது, தேடுபொறிக்காக அன்று. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்துக் கொழுந்தில் தேயிலை செய்கிறீர்களா? அந்தக் குளிர் இலையின் மணத்தை எப்படி மாற்றுகிறது, எந்த உயரத்துத் தோட்டம், எப்போது பறிக்கிறீர்கள் என்று எழுதுங்கள். படமும் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். இணைப்பு ஒன்று போதும். ஏந்துசொல் உங்கள் கடையின் பெயராக இருக்கட்டும். அதைப் படித்து ஒருவர் தம் கட்டுரையில் உங்களைச் சுட்டினால் அது சான்றிணைப்பு. சுட்டாமல் பெயரை மட்டும் எழுதினாலும், படித்தவர் அந்தப் பெயரைத் தேடி வருவார்.’

மீதி ஒன்றுதான். நமக்கு வந்து சேர்ந்த கெட்ட வரவிணைப்புகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று தளத்துக்காரரே கூகுளிடம் கொடுக்கும் பட்டியல் ஒன்று இருக்கிறது. 2012 அக்டோபரில் வந்த வசதி. இதையும் ‘துறப்பு’ என்றால் குறியோடு குழம்பும். அது கொடுப்பவர் செய்வது, இது பெற்றவர் செய்வது. ‘மறுப்புப் பட்டியல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு சொல் வராவிட்டால் இப்படியே அச்சுக்குப் போகும்.